பிளக் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்

வீடும் வாகனமும்



நம் கரையோர ஊர்களில் கார் என்பது இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. சாய்ந்தமருதிலிருந்து மகளை ஒலுவில் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய் விடவும், உம்மம்மாவைக் கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையின் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்லவும், சம்மாந்துறையில் ஒரு கலியாணத்துக்குப் போய் இரவோடு இரவாகத் திரும்பவும் அது வேண்டியிருக்கிறது. வீட்டு ஆண்கள் கட்டாரிலும் சவூதியிலும் தொழில் பார்க்கும் குடும்பங்களில், வாகனத்தின் சாவி மட்டுமல்ல, அதன் நோய் நொடியும் பெண்களின் பொறுப்பிலேயே இருக்கிறது.

ஆனால் கராஜ் வாசலுக்குப் போனதும் நாம் வாயை மூடிக் கொள்கிறோம். "பிளக் மாத்த வேணும் ராத்தா" என்கிறார்கள். "சரி" என்கிறோம். எத்தனை பிளக், எந்த நம்பர், ஏன் மாற்ற வேண்டும், எப்படி மாற்ற வேண்டும் - எதுவும் கேட்பதில்லை. மீன்காரரிடம் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கும் நாம், பல இலட்சம் பெறுமதியான காரின் என்ஜினைக் கண்ணை மூடிக் கொண்டு ஒப்படைக்கிறோம்!

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 இல்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. ஆகவே நம் வீடுகளில் நிற்கும் வாகனங்களில் அநேகமானவை நெடுங்காலம் ஓடியவை. முதலில் போட்டிருந்த பிளக்குகள் ஆயுள் முடிந்து, மாற்றும் கட்டத்துக்கு வந்தவை. எனவே இந்த மாதம் ஸ்பார்க் பிளக்கைப் பற்றிப் பார்ப்போம்.

பிளக் என்ன செய்கிறது?

கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும் லைற்றரை நினைத்துக் கொள்ளுங்கள். அழுத்தினால் ஒரு பொறி பறக்கும்; அடுப்பு பற்றிக் கொள்ளும். பெற்றோல் என்ஜினுக்குள் பிளக் செய்வதும் அதே வேலைதான். பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை என்ஜின் அழுத்திப் பிடிக்கும். அந்த நேரத்தில், பிளக்கின் நுனியிலுள்ள சிறிய இடைவெளியில் மின்பொறி பாயும். கலவை வெடித்து எரிந்து என்ஜினைச் சுழற்றும்.

பற்றரியில் இருப்பதோ வெறும் 12 வோல்ற். அந்தச் சிறு மின்சாரத்தை 'கொயில்' என்ற பகுதி பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்திப் பிளக்குக்கு அனுப்புகிறது. பழைய கார்களில் ஒரே கொயிலிலிருந்து நீண்ட வயர்கள் ஒவ்வொரு பிளக்குக்கும் போகும். இன்றைய கார்களில் அநேகமாக ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு கொயில் உட்கார்ந்திருக்கும்.

என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் 1500 தடவை பொறி விட வேண்டும். ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 1000 பொறி என்று வைத்தாலும், 100,000 கிலோமீற்றர் ஓடும்போது ஒரு பிளக் 10 கோடித் தடவை பொறி விட்டிருக்கும். அதன் நுனி தேய்வதில் என்ன ஆச்சரியம்?

இந்தச் சிறு பொருள் ஒழுங்காக உருவாவதற்கே நெடுங்காலம் சென்றது. 1902 இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தில் வேலை செய்த கொட்லொப் ஹொனோல்ட் என்ற பொறியியலாளர்தான், உயர் மின்னழுத்தத்தில் நம்பகமாக வேலை செய்யும் பிளக்கை உருவாக்கினார். அதற்கு முன்பு கார் ஓட்டியவர்களுக்குப் பொறி ஒரு பெரிய தலைவலி.

அந்தத் தலைவலியை நடு வழியில் தீர்த்த ஒரு பெண்ணை இங்கே சொல்லியாக வேண்டும். காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பேர்த்தா பென்ஸ், 1888 ஓகஸ்டில் கணவருக்கு முன்கூட்டிச் சொல்லாமலே தம் இரு மகன்மாரையும் ஏற்றிக் கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்தக் காரிலேயே போனார். 100 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். காரில் அப்படி ஒரு நெடும்பயணம் அதுவரை யாரும் போனதில்லை. வழியில் எரிபொருள் குழாய் அடைத்தது. தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார். பொறிக்கு மின்சாரம் கொண்டு போகும் வயர் தேய்ந்து போனது. தம் காலுறைப் பட்டியைச் சுற்றி அதைக் காப்பிட்டார். உலகின் முதல் நெடும்பயணக் காரைப் பழுது பார்த்தது ஒரு குடும்பப் பெண்ணின் கைதான்!

தட்டையான ஊரில் தெரியாத நோய்

பிளக் தேய்ந்தால் நுனியின் இடைவெளி அகன்று விடும். அகன்ற இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ற் வேண்டும். காலையில் என்ஜின் இலகுவாகப் பிடிக்காது. நின்று கொண்டிருக்கும்போது கார் இலேசாக நடுங்கும். அக்ஸிலேற்றரை மிதித்தால் இழுவை குறையும். பெற்றோல் வழமையை விடக் கூடுதலாகச் செல்லும். 2022 இல் எரிபொருளுக்காகத் தெருவில் நாட்கணக்கில் வரிசையில் நின்ற நமக்கு, ஒரு லீற்றர் வீணானாலும் அதன் வலி தெரியும்.

ஆனால் நம் ஊர்க்காரர்கள் முக்கியமாக அறிய வேண்டிய விடயம் வேறொன்று. காரைதீவு முதல் மருதமுனை வரை நம் பாதை மேசை போலத் தட்டையானது. தட்டையான பாதையில் என்ஜினுக்குப் பாரம் குறைவு. பாரம் குறைந்தால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு. அழுத்தம் குறைந்த இடத்தில் பலவீனமான பிளக்கும் எப்படியோ பொறி விட்டுச் சமாளித்து விடும். கல்முனைச் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடும் வரை, "கார் நல்லாத்தானே இருக்குது" என்றுதான் நினைப்போம்.

அதே கார், மஹரகம வைத்தியசாலைக்கு ஒரு நோயாளியை ஏற்றிக் கொண்டு அம்பாறை, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் புறப்படுகிறது என்று வையுங்கள். உள்ளே ஐந்து பேர், பின்னால் பைகள், ஏசியும் போட்டிருக்கிறது. ஹசலக்கவைத் தாண்டிப் பதினெட்டு வளைவில் ஏறத் தொடங்கும்போது என்ஜின் முழுப் பலத்தையும் காட்ட வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். அங்கேதான் தேய்ந்த பிளக்கின் பொறி தோற்கிறது. கார் குலுங்கும், இழுக்காது, டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு மின்னத் தொடங்கும். இருட்டில், மலை வளைவில், நோயாளியோடு நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகையால் நீண்ட பயணத்துக்குப் பிளக் பார்ப்பது, தண்ணீரும் ஓயிலும் பார்ப்பதைப் போலவே அவசியம். புறப்படும் நாளில் அல்ல. ஒரு வாரத்துக்கு முன்பே பார்க்க வேண்டும்.

என்ஜின் விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அசையாமல் எரிந்தால், கூடிய விரைவில் ஸ்கானர் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பொருள். விட்டு விட்டு மின்னினால், பொறி தவறி, எரியாத பெற்றோல் புகைக் குழாய்க்குள் போகிறது என்று பொருள். லைற்றர் பற்றாமல் கேஸ் மட்டும் பரவினால் என்ன ஆகும்? அப்படித்தான். அந்தப் பெற்றோல் புகைக் குழாயில் உள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கி விடும். அதன் விலையோடு பார்த்தால் பிளக்கின் விலை ஒரு விலையே அல்ல. மின்னினால் அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்துங்கள்.

எத்தனை பிளக்? எந்த பிளக்?

சிலிண்டருக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. வெகன்ஆர், அல்டோ, 1000 சிசி விட்ஸ் ஆகியவற்றில் 3. அக்ஸியோ, அக்குவா, வெஸல் ஆகியவற்றில் 4. ஆனால் ஹொண்டா ஃபிட் ஜிபி1 ஹைபிரிட்டில் சிலிண்டருக்கு 2 வீதம் 8 பிளக் உண்டு. அந்தக் காருக்கு 8 பிளக்குக்குக் காசு கேட்டால் ஏமாற்று என்று சண்டை பிடிக்காதீர்கள். 4 மட்டும் மாற்றி விட்டு வந்தாலும் வேலை அரைகுறைதான்.

டீசல் வேனில் ஸ்பார்க் பிளக் இல்லை. அங்கே இருப்பது 'ஹீட்டர் பிளக்'. அதன் வேலையே வேறு. முழு மின்சாரக் காரில் எந்தப் பிளக்கும் இல்லை.

பிளக்கில் ஒரு நம்பர் இருக்கும். அது வெறும் கடை நம்பர் அல்ல; அதுவே பிளக்கின் சாதகம். உதாரணமாக என்ஜிகே நிறுவனத்தின் பீகேஆர்6ஈ-11 என்ற பிளக்கை எடுத்துக் கொள்வோம். 'பீ' என்றால் புரியின் விட்டம் 14 மில்லிமீற்றர். 'கே' என்றால் கழற்றும் ஸ்பானர் 16 மில்லிமீற்றர். 'ஆர்' என்றால் ரேடியோவில் இரைச்சல் வராமல் தடுக்கும் அமைப்பு உண்டு. '6' என்பது வெப்ப எண். 'ஈ' என்றால் புரியின் நீளம் 19 மில்லிமீற்றர். '11' என்றால் நுனியின் இடைவெளி 1.1 மில்லிமீற்றர்.

இதில் ஒன்று பிழைத்தாலும் என்ஜின் கஷ்டப்படும். புரி நீளமாக இருந்தால் நுனி உள்ளே நீட்டிக் கொண்டு போய்ப் பிஸ்டனில் இடிக்கலாம். கட்டையாக இருந்தால் பொறி சரியான இடத்தில் விழாது. மிச்சமான புரியில் கரி படியும். வெப்ப எண் பிழைத்தால் பிளக் கரி பிடிக்கும், அல்லது அளவுக்கு மீறிச் சூடேறும். நிறுவனத்துக்கு நிறுவனம் எண் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். என்ஜிகேயின் 6 டென்சோவில் 20. "நம்பர் வேற, ஆனா பிடிக்கும்" என்று கடையில் சொன்னால், காரின் கைநூலில் அல்லது நிறுவனத்தின் பட்டியலில் அதைக் காட்டும்படி கேளுங்கள். ஸ்பானர் பிடிப்பது மட்டும் பொருத்தம் ஆகாது.

ஆயுள் எவ்வளவு? சாதாரண நிக்கல் நுனிப் பிளக்குகள் பொதுவாக 20,000 முதல் 30,000 கிலோமீற்றர் வரை தாங்கும். நீண்ட ஆயுள் இரிடியம் பிளக்குகள் பெரிய கார்களில் 100,000 கிலோமீற்றர் வரை போகும். 660 சிசி ஜப்பான் சிறு கார்களின் என்ஜின் அதே தூரத்துக்குக் கூடுதலான சுற்றுச் சுற்றுவதால், அவற்றில் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். உங்கள் காருக்குரிய கணக்கு கைநூலில் இருக்கும். அந்தக் கணக்கே கணக்கு.

போலிப் பிளக்குகளும் சந்தையில் உண்டு. பெட்டியின் அச்சு மங்கலாக இருப்பது, எழுத்து பிசகியிருப்பது, பிளக்கின் நுனி நடுவில் இல்லாமல் சரிந்திருப்பது, விலை நம்ப முடியாத மலிவாக இருப்பது - இவை எச்சரிக்கைகள். மலிவு என்று வாங்கிய போலி உள்ளே உடைந்து விழுந்தால் என்ஜினைத் திறக்க வேண்டி வரும்.

மாற்றும் முறை

இதை நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. ஆனால் செய்பவர் சரியாகச் செய்கிறாரா என்று தெரிய வேண்டும். படிப்படியாகப் பார்ப்போம்.

1. என்ஜின் ஆற வேண்டும். பிளக் திருகியிருக்கும் இடம் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இளகி விரிந்திருக்கும். அப்போது கழற்றினால் பிளக்கோடு சேர்த்து உள்ளேயுள்ள புரியையும் இழுத்துக் கொண்டு வரலாம். பொனட்டில் கை வைத்தால் சூடு தெரியாத வரை காத்திருங்கள். காரை முதல் நாள் இரவே கராஜில் விட்டு விடுவது மிக நல்லது.

2. சாவி நிற்க வேண்டும். ஹைபிரிட் கார் சத்தமில்லாமல் நிற்பதால் நின்று விட்டது என்று எண்ணக் கூடாது. அது 'ரெடி'யில் இருந்தால், என்ஜின் நினையாத நேரத்தில் தானாகவே இயங்கத் தொடங்கும். ரெடியை அணைத்து, சாவியைக் காருக்குத் தூரமாக வைக்க வேண்டும். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே கூடாது. அவை உயிர் குடிக்கும் மின்சாரம் செல்பவை.

3. கொயிலைக் கழற்றுதல். மேல் மூடியை எடுத்து, கொயிலின் வயர்ப் பூட்டை அழுத்தி விடுவித்து, சிறிய போல்ற்றைக் கழற்றி, கொயிலை இலேசாகத் திருப்பி மேலே இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுப்பது பிழை. நம் கடல் காற்றின் உப்பு வயர்ப் பூட்டுகளில் பச்சை பூத்துப் போக வைக்கும். அதையும் அப்போதே பார்த்துக் கொள்ளலாம். பிரியஸ், அக்குவா போன்றவற்றில் வைப்பர்ப் பகுதியையும் கழற்ற வேண்டியிருப்பதால், வேலைக்கூலி கூடுவதில் நியாயம் உண்டு.

4. குழியை ஊதுதல். இது பெரும்பாலும் தவறவிடப்படும் படி. பிளக் ஓர் ஆழமான குழிக்குள் இருக்கிறது. அந்தக் குழியில் தூசும் நம் கடற்கரை மணலும் சேர்ந்திருக்கும். பிளக்கைக் கழற்றியதும் அந்த மணல் நேரே சிலிண்டருக்குள் விழும். வழுவழுப்பான சிலிண்டருக்குள் மணல் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே கழற்றுவதற்கு முன் காற்றுக் குழாயால் ஊதியே ஆக வேண்டும்.

5. கழற்றுதல். உள்ளே றப்பர் அல்லது காந்தம் வைத்த பிளக் சொக்கட்டையே பாவிக்க வேண்டும். இறுகியிருந்தால் பலத்தைக் காட்டக் கூடாது. சிறிது துரு நீக்கும் ஓயில் விட்டு, கொஞ்சம் கழற்றி, திரும்ப இறுக்கி, மீண்டும் கழற்றி - அப்படி முன்னும் பின்னுமாக வெளியே கொண்டு வர வேண்டும்.

6. பழையதைப் படித்தல். கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் வைக்கச் சொல்லுங்கள். என்ஜினின் வைத்தியச் சான்றிதழ் அவற்றின் நுனியில் எழுதியிருக்கும். இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் சுகம். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. காற்று வடிகட்டி அடைத்திருக்கவும் கூடும். நுனியில் ஓயில் பிசுபிசுப்பு என்றால் என்ஜினுக்குள் ஓயில் எரிகிறது. வெள்ளையாகிக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மிஞ்சிய சூடு. நுனி சுத்தமாயிருந்து, மேற்பகுதியில் மட்டும் ஓயில் இருந்தால் மூடியின் றப்பர் கசிகிறது. ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் நோய் அந்தச் சிலிண்டரில்தான்.

7. புதியதைப் பார்த்தல். நம்பரைச் சரி பாருங்கள். கீழே விழுந்த பிளக்கைப் போட விடாதீர்கள். வெள்ளைப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு விழுந்திருக்கும். பொறி அதன் வழியே ஒழுகும். இரிடியம் பிளக்கின் நடுநுனி 1 மில்லிமீற்றரை விட மெல்லியது. இடைவெளி சரி பண்ணுகிறேன் என்று அதில் இரும்புத் தகட்டைச் செருகி நெம்பினால் உடைந்து போகும். அது பெரும்பாலும் இடைவெளி வைத்தே வருகிறது. அளந்து பார்ப்பதாயின் மெல்லிய கம்பி அளவியால் தொட்டும் தொடாமலும் பார்க்க வேண்டும்.

8. கையால் திருகுதல். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க விரும்புவோர் இதை வைத்துக் கொள்ளுங்கள். ஊறுகாய்ப் போத்தலின் மூடி சரிந்து பிடித்தால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் எதிர்ப்புறமாக மெல்லத் திருப்புகிறோம். 'டக்' என்று ஒரு சிறு இறக்கம் கைக்குத் தெரிந்ததும், சரியான பக்கம் மூடுகிறோம். பிளக்குக்கும் அதே முறைதான். ஒரு துண்டு றப்பர்க் குழாயைப் பிளக்கின் தலையில் செருகி, குழிக்குள் இறக்கி, எதிர்ப்புறம் மெல்லத் திருப்பி, இறக்கம் தெரிந்ததும் விரலாலேயே திருக வேண்டும். புரி சரிந்து பிடித்தால் றப்பர் வழுக்கி விடும், அதுவே எச்சரிக்கை. பிளக் அடி வரை விரலாலேயே போக வேண்டும். முதல் சுற்றிலேயே ஸ்பானரையோ காற்றுத் துப்பாக்கியையோ வைத்தால், சரிந்த பிளக்கும் பலத்தால் ஏறி விடும். அலுமினியப் புரி அரைந்து போகும்.

9. இறுக்குதல். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடினால் புரி இழுபடும். பிளக்கின் கழுத்தே முறியலாம். குறைந்தால் இன்னொரு ஆபத்து. பிளக்கின் சூடு அதன் புரியும் வளையமும் வழியாகவே என்ஜினுக்கு இறங்குகிறது. தளர்ந்திருந்தால் சூடு இறங்க வழியில்லாமல் நுனி பழுத்துப் போகும், அழுத்தமும் கசியும். பொதுவான அளவு: 14 மில்லிமீற்றர் புரிக்கு 25 முதல் 30 நியூட்டன் மீற்றர், 12 மில்லிமீற்றருக்கு 15 முதல் 20, ஸ்கூட்டரில் வரும் 10 மில்லிமீற்றருக்கு 10 முதல் 12. இதை அளந்து இறுக்க 'டோர்க் ரென்ச்' என்ற கருவி உண்டு. 25 சென்ரிமீற்றர் நீளமான பிடியின் நுனியில் 10 கிலோ அரிசிப் பையைத் தொங்க விட்டால் வரும் இறுக்கமே 25 நியூட்டன் மீற்றர். அவ்வளவுதான்! இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்து இறுக்குகிற வேலையல்ல இது. கருவி இல்லாவிட்டால், விரல் இறுக்கத்துக்குப் பிறகு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று பிளக்குப் பெட்டியிலேயே படம் போட்டிருக்கும். வளையம் வைத்த புதுப் பிளக்குக்கு அது பெரும்பாலும் அரைச் சுற்று அளவில் இருக்கும். ஏற்கெனவே நசுங்கிய பழைய வளையத்துக்கு அதில் மிகச் சிறிய பங்குதான்.

புரிக்கு கிறீஸ் பூசலாமா? இன்றைய பிளக்குகளின் புரியில் பூச்சு ஏற்கெனவே உண்டு. கிறீஸ் பூசினால் வழுக்கி, அளவுக்கு மேல் இறுகி விடும். வேண்டாம் என்பதே தயாரிப்பாளர்களின் அறிவுரை.

10. மூடுதல். கொயிலை நேராக அழுத்தி, போல்ற்றைப் பூட்டி, வயர்ப் பூட்டு 'கிளிக்' என்று சத்தம் கேட்கும் வரை செருக வேண்டும். பிறகு என்ஜினை இயக்கி ஐந்து நிமிடம் கேளுங்கள். நடுக்கம் இருந்தால் ஏதோ ஒரு பூட்டுச் சரியாகப் போகவில்லை. 'டிக் டிக்' என்று காற்றுக் கசியும் சத்தம் வந்தால் ஒரு பிளக் தளர்ந்திருக்கிறது.

அவசரத்தின் விலை

எங்கள் அயலிலுள்ள ஒரு சகோதரியின் சிறிய காருக்கு மூன்று பிளக் மாற்றினார்கள். பதினைந்து நிமிட வேலை. சுடச் சுடக் கழற்றி, துப்பாக்கியால் ஏற்றி விட்டார்கள். நடுப் பிளக் சரிந்து ஏறியிருக்கிறது. சில வாரங்களில் கசிவுச் சத்தம் வந்தது. வேறோர் இடத்தில் கழற்றிப் பார்த்தபோது புரி முழுவதும் பிளக்கோடு தூளாக வந்தது. என்ஜின் தலையைக் கழற்றி, ஓட்டையைப் பெருப்பித்து, உலோகக் குழல் வைத்துப் புதுப் புரி போட வேண்டியதாயிற்று. கார் பதினொரு நாள் கராஜில். செலவோ, மூன்று பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு. கணவர் வெளிநாட்டிலிருந்து பிள்ளையின் படிப்புக்கென அனுப்பிய பணம் அதில் போனது.

நம் ஊர்க் கராஜ்களில் கைதேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குறை திறமையில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. வாசலில் இன்னும் நான்கு வாகனம் நிற்கும்போது, ஆறும் வரை காத்திருக்க யாருக்கு மனம் வரும்? அந்த அவசரத்தைத் தணிக்க வாடிக்கையாளரின் ஒரு சொல் போதும். "காக்கா, என்ஜின் ஆறட்டும். எங்களுக்கு அவசரமில்ல. கையால திருகிப் போட்டுப் பிறகு இறுக்குங்க" என்று மரியாதையோடு சொல்லிப் பாருங்கள். விடயம் தெரிந்தவர் என்று கண்டதும் வேலையே வேறு விதமாக நடக்கும்.

முதல் பாடம் ஸ்கூட்டரில்

கையால் செய்து பழக விரும்பும் சகோதரிகள் காரில் தொடங்க வேண்டாம். ஸ்கூட்டரில் ஒரே பிளக்தான். வீட்டு ஜெனரேற்றரிலும், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பெற்றோல் இயந்திரத்திலும் அப்படியே. ஆற விடுதல், ஊதுதல், கழற்றுதல், நிறம் பார்த்தல், கையால் திருகுதல், அளவாக இறுக்குதல் என்ற அதே பாடத்தை அங்கே படிக்கலாம். ஸ்கூட்டர் பிளக்கின் புரி மிகச் சிறியது என்பதால் இறுக்கத்தில் இன்னும் கவனம் தேவை. மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் பழக்குங்கள்.

கொப்பியில் எழுதி வையுங்கள்

காருக்கென ஒரு சிறு கொப்பி வைத்து, பிளக் மாற்றிய திகதி, அன்றைய கிலோமீற்றர், பிளக்கின் முழு நம்பர், வாங்கிய கடை ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். பில்லையும் அதிலேயே ஒட்டி விடுங்கள். கராஜுக்குப் போகும்போது கேட்க வேண்டியவை ஆறு:

என்ஜின் ஆறி விட்டதா?

பிளக்கின் நம்பர் கைநூலோடு ஒத்து வருகிறதா?

கழற்றும் முன் குழியை ஊதினீர்களா?

விரலாலேயே அடி வரை போயிற்றா?

எவ்வளவு இறுக்கினீர்கள்?

பழைய பிளக்குகள் எங்கே?

கடைசிக் கேள்வியை மறந்து விடாதீர்கள். பழையவற்றை, புதியவை வந்த பெட்டிகளிலேயே போட்டு வாங்கி வாருங்கள். உண்மையாகவே மாற்றினார்கள் என்பதற்கு அவையே சாட்சி. அவற்றின் நிறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கட்டாருக்கு அனுப்பினால், அங்கே இருப்பவருக்கும் மனம் ஆறும்.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், பற்றரியைப் பற்றிப் பார்ப்போம். நம் உப்புக் காற்று அதன் முனைகளில் வெள்ளை பூக்க வைக்கும்போது என்ன செய்வது என்பதிலிருந்து தொடங்குவோம்.